ஐஸ் பெட்டியில் வந்த டப்பா

டோல்கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் லேப். ரத்தம் கொடுக்க யாருக்கும் கூச்சமில்லை. கையை நீட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், வேலை முடிந்தது. மலப் பரிசோதனை என்று டாக்டர் எழுதிவிட்டால் மட்டும், தெருவே அதிரப் பேசுகிற ஆள்கூட என் மேசைப் பக்கம் குனிந்து, "அந்த டெஸ்ட்டும்மா" என்று முணுமுணுப்பார். இதில் என்ன வெட்கம்? சாப்பிடுகிற எல்லாரும் போகத்தானே செய்கிறோம்? கடலை அளவு போதும் என்று சின்ன டப்பா கொடுத்து அனுப்பினால், ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் கொண்டுவந்து வைப்பவர்களும் உண்டு. அப்படி வந்த ஒருத்தர், "பாத்துட்டு பாட்டிலக் கழுவிக் குடுத்துடும்மா, வூட்ல தேடுவாங்க" என்றார். நான் அன்று பேசிய பேச்சில் அவர் பாட்டிலை விட்டுவிட்டே ஓடினார்.

எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்கா காசிமேட்டுக்காரர். பேரம் பேசினால் உரித்துத் தொங்கவிட்டுவிடுவார். அவர் ஒருநாள் காலை குரலே எழும்பாமல் டப்பாவோடு என் முன்னால் வந்து நின்றார். காலேஜில் படிக்கும் மகளுக்குப் பல வாரமாக வயிற்றுவலி, ரத்தமும் சளியுமாகப் போகிறதாம். லேபுக்கு வர அவளுக்கு வெட்கம். அதனால் அம்மாவே எடுத்து வந்திருந்தார்.

மைக்ராஸ்கோப்பில் ரத்த அணுக்கள் இருந்தன, சீழ் அணுக்கள் இருந்தன. நான் தேடியது அமீபாவை, எங்கள் பேச்சில் அதுவும் பூச்சிதான். அது ஊர்ந்தால்தான் எளிதில் அடையாளம் தெரியும். கண்ணாடித் தகட்டில் ஒன்றும் ஊரவில்லை.

"பூச்சி, முட்டை ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

இதைக் கேட்டால் மற்றவர்கள் மேலே பார்த்துக் கும்பிடுவார்கள். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணுமே இல்லியா? நல்லாப் பாத்தியாம்மா?"

அவருடைய கணவர் ஹார்பரில் வேலை பார்த்தவர். அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். அவருக்கும் இந்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் கேமரா விட்டுப் பார்த்து, பெருங்குடலில் கட்டி என்றார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவர் இல்லை. இப்போது மகளுக்கும், பூச்சி இல்லையென்றால் கேமரா விட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பூச்சின்னா மாத்திரையில பூடும். இல்லேன்னா அவருக்கு வந்ததுதான் இவளுக்கும். இன்னொரு தபா பாரும்மா" என்றார். வயிற்றில் பூச்சி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"நாளைக்கு வேற கொண்டா. போன உடனே எடுத்துகினு வரணும், வெச்சிகினு இருக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் நான் ஷட்டரைத் தூக்கும்போதே ஷேர் ஆட்டோவிலிருந்து அக்கா இறங்கினார். கையில் தெர்மோகோல் பெட்டி. மூடியைத் திறந்து, சங்கரா மீனை ஒதுக்கி, ஐஸுக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய டப்பாவை எடுத்தார். முந்தானையால் ஈரம் போகத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"யக்கா! இன்னா பண்ணி வெச்சிகீற? ஐஸ்லயா கொணாந்த?"

"பின்ன? கண்டெய்னர் லாரி மறிச்சிகினு நின்னா எப்போ வந்து சேருறது? ஐஸ் போடாம கொணாந்தா கெட்டுப் பூடாது?"

"நேத்தும் ஐஸா?"

"நேத்து கம்மியாத்தான் போட்டேன். நீ ஒண்ணும் இல்லன்னியே, அதான் இன்னிக்கு நெறையப் போட்டேன்."

தலையில் கை வைத்துக்கொண்டேன். கெட்டுப்போகிற எதையும் ஐஸ் இல்லாமல் வெளியே எடுத்துப் போகக்கூடாது என்பது மீன் விற்பவர்கள் கை பழகிய வழக்கம். மகளுக்காக என்பதால் இன்னும் கவனமாகப் போட்டிருக்கிறார். ஆனால் வயிற்றுச் சூட்டில் வாழ்கிற அமீபா ஐஸில் எங்கே ஊரப்போகிறது? விறைத்துப் போயிருக்கும்.

"அந்த மீன யாருக்கும் வித்துத் தொலைக்காத" என்றேன்.

"விக்கிறதுக்கு இல்லம்மா, வூட்டுக்கு."

"வூட்டுக்கும் வேணாம், கீழ கொட்டு! போய் உன் பொண்ணக் கூட்டிகினு வா."

மகள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். எங்கள் லேபின் ஒரே கழிவறைக் கதவு, ஆட்கள் உட்காரும் பெஞ்சைப் பார்த்துத்தான் திறக்கும். பெஞ்சில் இருந்தவர்களை, "எல்லாம் போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்று விரட்டிவிட்டு அவளை உள்ளே அனுப்பினேன். அக்கா கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"வருதாடி?"

"அய்யோம்மா, சும்மா இரேன்!"

கடைசியில் டப்பா என் கைக்கு வந்தது. கையுறையைத் தாண்டிச் சூடு தெரிந்தது. ஒரு சொட்டு உப்பு நீரில் துளி கலந்து, மேலே மெல்லிய கண்ணாடி வைத்து, உடனே பார்த்தேன். நிறமில்லாத ஒன்று, தோசைக்கல்லில் மாவு பரவுவதுபோல ஒரு பக்கம் நீண்டது, பிறகு மொத்தமும் அந்தப் பக்கம் வழிந்து நகர்ந்தது. விழுங்கிய ரத்த அணுக்கள் அதன் உள்ளே கிடந்தன.

"அடிப்பாவி, கீறியா நீ!" என்று கத்திவிட்டேன்.

அக்காவை இழுத்துவந்து பார்க்க வைத்தேன்.

"எதும்மா?"

"நடுவுல பாரு. நவுருது பாரு."

"ஆமா... நவுருது. நவுருதும்மா!"

டாக்டர் கொடுத்த மாத்திரையில் அந்தப் பெண் தேறியது பிறகு நடந்தது. அன்றைக்கு நான், "இதுக்கு மாத்திரை கீதுக்கா, மிச்சத்த டாக்டர்தான் சொல்லணும்" என்று மட்டும் சொன்னேன். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு, விரலை முத்தமிட்டு, அந்த விரலால் மைக்ராஸ்கோப்பைத் தொட்டார்.

"நல்லாரு ராசா. நல்லாரு."

"அம்மா, அது என் வயித்துல கீற பூச்சிம்மா! அத்தப் போயி வாழ்த்துறியே, பைத்தியமா நீ?" என்றாள் மகள்.

"சும்மா கெடடி. உங்கப்பனுக்குப் பாத்தப்ப இப்டி ஒண்ணு ஆப்புடலியேடி."

அந்தப் பெண் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அக்கா, மீன் விற்கும் அதே பெருங்குரலில், தெருவே கேட்க அழுதார். நானும் அழுதேன்.