காத்து நின்னுச்சா, பாய்?

போன செவ்வாய்க்கிழமை மணலியில் ஒரு குடோன் வாசலில் நின்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். கையிலிருந்த டிபன் கேரியர் கீழே விழுந்தது. சாம்பார் சாதம் தரையில். அறுபதைத் தாண்டிய மனிதன் இப்படியா அலறுவான்?

அலறுவான். காரணம் சொல்கிறேன்.

என் மகள் ஸ்டெல்லா ஃபோம் ஸ்பிரே வேலையில் சூப்பர்வைசர். தகரக் கூரைக்கு அடியில் ஃபோம் அடித்தால் வெயில் உள்ளே இறங்காது. அதை அடிக்கிற ஸ்பிரே கன்னைத்தான் அவள் கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்து கழற்றிக்கொண்டிருந்தாள். முகத்துக்கு நேராக. தூரத்தில், கம்ப்ரெஸர் பக்கம் நின்ற ஆள் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையைத் துடைத்தார். அவ்வளவுதான்... கத்திவிட்டேன்.

தலை துடைத்ததற்கா? எழுபதுகளின் கடைசியில் ராயபுரத்தில் எங்களோடு வேலை பார்த்திருந்தால் நீங்களும் கத்தியிருப்பீர்கள்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இறாலுக்காக ஒரு குளிர்கிடங்கு கட்டினார்கள். சுவருக்கு ஃபோம் அடிக்க நாங்கள் மூன்று பேர். கன் பிடிப்பவன் சவரி. கம்ப்ரெஸர், காதர் பாய். டிரம் உருட்டுவது, ஹோஸ் இழுப்பது எல்லாம் நான் — பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி!

ஒரு டிரம்மில் பழுப்புத் திரவம். இன்னொன்றில் தேன் மாதிரி. தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் சாது. கன்னின் வாயில் சந்தித்துவிட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே உப்பி, கட்டையாகிவிடும். சுவரில் உப்பினால் வேலை. கன்னுக்குள் உப்பினால்? கன் போச்சு. அதனால் அடித்து முடித்த கையோடு கழற்றி, சால்வென்ட்டில் ஊறவைத்து, ஊசித் துளைகளைக் குத்திவிட்டு, கிரீஸ் பூசிய பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு.

"மொதல்ல இவளுக்கு. அப்பால நம்ம துன்னலாம்" என்பான் சவரி. கன் அவனுக்கு 'இவள்'தான்.

"கிரேஸிக்குத் தெரிஞ்சா கல்யாணத்த நிறுத்திடப் போவுதுடா" என்பார் பாய். கிரேஸி, சவரிக்கு நிச்சயம் செய்திருந்த பெண்.

கழற்றும் முன், திரவத்தைத் தள்ளுகிற காற்றை நிறுத்த வேண்டும். கம்ப்ரெஸரோ வெளியே. அது போடுகிற இரைச்சலில் பேச்சு சரியாகக் கேட்காது. "காத்து நின்னுச்சா, பாய்?" என்று சவரி கத்துவான். பாய் வால்வை மூடிவிட்டு, தன் சிவப்புத் துண்டைத் தலைக்கு மேல் தூக்குவார். அதுதான் பதில்.

ஒரு மே மாத மதியம். சவரி கத்தினான். துண்டு மேலே போனது. அவன் கன்னை முகத்துக்கு நேரே பிடித்து முன்பக்க நட்டைத் திருகினான்.

பாய் வழுக்கையில் வழிந்த வேர்வையைத் துடைத்திருக்கிறார். கேள்வியே அவர் காதில் விழவில்லை!

புஸ்ஸென்று ஒரு சத்தம். சவரியின் முகம் இருந்த இடத்தில் மஞ்சளாக ஏதோ உப்பிக்கொண்டிருந்தது. "கண்ணு... கண்ணு..." என்றான். பாய் ஓடிவந்தார். "தொடச்சேன் நைனா... நான் தொடச்சிக்கினு இருந்தேன்" — அதையே சொல்லி அழுதார். ஆஸ்பத்திரி போகும்வரை ரிக்‌ஷாவில் சவரி என் கையை விடவில்லை.

போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடி காப்பாற்றியது. டாக்டர் அதை முடியோடு வெட்டி எடுத்தபோது உள்ளே இரண்டு கண்ணும் பளிச்சென்று விழித்தன. புருவங்கள்தான் ஃபோமோடு வந்துவிட்டன.

கல்யாணத்தன்று மாதா கோயிலில் புருவத்தை மையால் வரைந்துகொண்டுதான் நின்றார் மாப்பிள்ளை. பாய் அருகில் போய் உற்றுப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, எதையோ பாத்து ஷாக்கான மாதிரியே கீற?"

"எல்லாம் உன் துண்டப் பாத்துதான், பாய்!"

பாய் அன்றுதான் மறுபடி சிரித்தார்.

அதற்குப் பிறகு துண்டு கிடையாது, சைகை கிடையாது. வால்வை மூடி, கம்ப்ரெஸரிலிருந்து காற்றுக் குழாயையே கழற்றி, அதன் முனையை இழுத்துவந்து சவரி மடியில் போடுவார். "இந்தா உன் காத்து. வச்சிக்கோ." கன்னைச் சாக்குக்குள் நீட்டி, மிச்சத்தையும் அழுத்தி வெளியேற்றிய பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவான் சவரி. இறால் நாற்றமும் சால்வென்ட் நெடியும் கலந்த அந்த மதியங்கள்... இன்றும் துறைமுகம் பக்கம் போனால் மூக்கு தேடுகிறது.

யோசித்துப் பாருங்கள். வீட்டிலும் நாம் எத்தனை தலையசைப்பை 'சரி' என்று எடுத்துக்கொள்கிறோம்? எத்தனை மௌனத்தை 'கேட்கவில்லை' என்று?

கிறிஸ்துமஸுக்கு வரும்போதெல்லாம் சவரி இந்தக் கதையைச் சொல்வான். ஸ்டெல்லா கேக்கை வாயில் போட்டுக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். காதில் வாங்குவதே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் கத்தியதும் நிமிர்ந்தாள். "இன்னாப்பா?" கம்ப்ரெஸர் பக்கம் கையைக் காட்டினேன். அவள் மடியிலிருந்து ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

குழாய் முனை.

"காத்து இங்க கீதுப்பா. சோறு எங்க?"

தரையைக் காட்டினேன்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் புருவத்தைப் பார்த்தேன்... இரண்டும் இருந்தன.