ஜெபத்தில் சொன்னதற்கு அடி கிடையாது

அப்பாவின் வேதாகமத்துக்கு முதுகு முழுக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப். காஞ்சிபுரத்தில் மின்வாரிய லைன்மேனாக இருந்தவர் அவர். பிய்ந்துபோனது செருப்பானாலும் வேதமானாலும் அவரிடம் அதற்கு ஒரே வைத்தியம்தான். அந்த டேப் வாசனையோடுதான் எங்கள் வீட்டில் ஆண்டவர் அறிமுகமானார்.

தினமும் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அப்பா, அம்மா, நான், தம்பி நான்கு பேரும் பாயில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஜெபம் செய்ய வேண்டும். நானும் தம்பியும் ஊரிலுள்ள வியாதிக்காரர்கள் எல்லோருக்காகவும் உருக்கமாக மன்றாடுவோமே தவிர, எங்கள் தப்புகளைப் பற்றி மூச்சுவிட மாட்டோம். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகள் ஆண்டவரிடம் நடிக்கிறார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். ஒருநாள் சட்டம் போட்டார். "ஜெபத்துல சொன்னத வெச்சி இந்த வீட்ல யாரும் யாரையும் அடிக்கக் கூடாது, திட்டவும் கூடாது. அது ஆண்டவருக்குச் சொன்னது. நம்ம காதுல தற்செயலா வுழுது, அவ்ளோதான்."

அதில் இருந்த ஓட்டையை என் தம்பி மறுநாளே கண்டுபிடித்தான். "ஆண்டவரே, கணக்குப் பரீட்சை பேப்பர்ல அப்பா கையெழுத்த நானே போட்டுட்டேன். அப்பா போடறத விட நல்லா வந்துச்சி. மன்னியும், ஆமென்." ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பாவின் காது மடல் சிவந்து, தாடை இறுகியிருந்தது. பல்லைக் கடித்தபடி "ஸ்தோத்திரம்" என்றார். அப்படி ஒரு ஸ்தோத்திரத்தை நான் அதற்குப் பிறகு எந்தச் சபையிலும் கேட்டதில்லை. அன்று முதல் எந்தத் தப்பு செய்தாலும் ஏழு மணிவரை மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்றாகிவிட்டது.

நான் பத்தாம் வகுப்புக்குப் போகவிருந்த கோடையில், வைகாசித் தேர் வந்தது. அதற்கு முந்தைய ஞாயிறு எங்கள் போதகர் ஐயா, விசுவாசிகள் தேர்ப்பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று ஒரு மணி நேரம் பிரசங்கித்திருந்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தத் தேரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஆசை வந்தது. ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பட்டுத் தறிக்காரர் மகளான என் தோழியோடு போனேன். மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்ப் பத்தையைக் கடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றேன். தேர் அசைந்து அசைந்து வந்தது. அது தட்டாமல் இருக்க மேலே ஒயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தவர்களை நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அன்று மாலை எனக்குச் சொல்லத் துணிவில்லை. பரீட்சைப் பேப்பர் வேறு, இது வேறு. இதைக் கேட்டால் அப்பா அடிக்க மாட்டார், அழுதுவிடுவார் என்று பயம். ஒரு வாரம் சில்லறைப் பாவங்களாகப் பொறுக்கி ஒப்புவித்தேன். ஒவ்வொரு நாளும் கடைசியில் அப்பா, "வேற எதுனா வுட்டுப்போச்சாமா?" என்று கேட்பார். இல்லை என்பேன்.

எட்டாம் நாள் அவரே ஆரம்பித்தார். "ஆண்டவரே, தேர் அன்னிக்கி கம்பத்து மேல இருந்து என் பொண்ணப் பாத்தேன். மாங்கா துன்னுக்கினு நின்னுது. அதுவா உங்கிட்ட சொல்லும்னு ஒரு வாரமா காத்துக்கினு இருக்கறேன்."

நான் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன். ஆனால் அவர் முடிக்கவில்லை. தொண்டையைக் கனைத்தார்.

"அத மட்டும் சொன்னா ஞாயம் இல்ல. தேர் கிட்ட வந்தப்ப நானும் ஒயர வுட்டுட்டு வாயப் பொளந்துக்கினு பாத்தேன். அழகா இருந்துச்சி. கீழ இருந்து ஃபோர்மேன் கத்துன பெறகுதான் வேலையே நெனப்பு வந்துச்சி. எங்க ரெண்டு பேரையும் மன்னியும்."

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. அம்மாவின் குரல் மட்டும் வந்தது. "ஆண்டவரே, ரெண்டு பேரும் தேருக்குப் போயிட்டு எனக்கு ஒரு பத்தை மாங்கா கூட வாங்கியாரல. இதயும் பாத்துக்கோ."

தம்பி முதலில் சிரித்தான். பிறகு ஜெபம் தொடரவே முடியவில்லை.

பாயைச் சுருட்டும்போது, "தேரப் பாத்தது பாவமாப்பா?" என்று கேட்டேன். அப்பா பாயை வாங்கி மூலையில் சாத்தினார். "பாத்தது எனுக்குத் தெரியலமா. ஸ்பெஷல் கிளாஸுன்னு சொன்னது பாவம்." தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த ஒரு வாக்கியம், நான் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனங்களைவிட அதிக நாள் என்னோடு வந்திருக்கிறது. இன்று என் மகள் நம்பிக்கையைப் பற்றிக் கேள்வி கேட்கும்போது, அப்படிச் சொல்ல எனக்கு இன்னும் நாக்கு எழுவதில்லை.

அடுத்த வருடம் தேருக்கு அப்பாவே இடம் சொல்லி அனுப்பினார். "அந்த முக்குல நில்லுங்க, நல்லாத் தெரியும்." அம்மாவும் நாங்களும் போனோம். கம்பத்தின் மேலிருந்து அப்பா எங்களைக் கண்டதும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். எதிர்க்கடை நிழலில், குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போதகர் ஐயா நின்றிருந்தார், இரண்டு பிள்ளைகளோடு. அம்மா கைகூப்பி "ஸ்தோத்திரம் ஐயா" என்றதும் பதறிப்போனார். "கரண்டு இல்லம்மா, வீட்ல ஒரே வேர்வை. பசங்கள காத்தாட இட்டுக்கினு வந்தேன்."

அன்றைய ஜெபத்தில் அப்பாவின் குரல் மிகவும் பணிவாக இருந்தது.

"ஆண்டவரே, இன்னிக்கி போதகர் ஐயாவுக்கு ரொம்ப வேர்த்துச்சி. கம்பத்து மேல இருந்தே எனுக்குத் தெரிஞ்சிது. லைன நிறுத்தனது நாந்தான். அதனால அந்தப் பாவத்த என் கணக்குலயே வெச்சிக்கும்."