தொட்டிக்குள் இறங்கிய மெழுகுவத்தி

கணவன் ரெக்கின் உடலைப் புதைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஐவியின் சமையலறையில் ஹாப் பூ கொதிக்கிற கசப்பு வாடை தெருமுனைவரை போய்விட்டது.

"ஏன்டி ஐவி, துக்க வீட்டுலயா பீர் காய்ச்சுவாங்க?" பக்கத்து வீட்டு மேபல் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். "அந்தக் குடிதானே அவனக் கொண்டுபோச்சு?"

"கொண்டுபோனது குடி இல்ல மேபல். எதுன்னு பாக்கத்தான் காய்ச்சறேன்."

ட்ரெண்ட் ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரில் ஆர்ம்ஸ்லி மதுவாலை வைத்ததுதான் சட்டம். ரெக் அங்கே இருபத்தாறு வருடம் தொட்டி கழுவியவன். ஏல் என்கிற அந்த ஊர்ப் பீர் நுரைத்து அடங்கியதும் வடித்துவிடுவார்கள். மறுநாள் விடிந்ததும் ஒருவன் தொட்டியின் சின்ன வாய் வழியாக நுழைந்து, அடியில் படிந்த ஈஸ்ட்டைத் தேய்த்து எடுக்க வேண்டும். நுழையும் முன் குச்சியில் கட்டிய மெழுகுவத்தியை உள்ளே இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். சுடர் அணைந்தால் உள்ளே ஈஸ்ட் விடுகிற கரியமில வாயு நிற்கிறது. இறங்குகிற மனிதனும் அப்படியே அணைவான். புது மேலாளர் வந்ததும் இது நேரத்தைத் தின்கிற வேலையாகிவிட்டது. எட்டு மணிக்குள் மூன்று தொட்டி முடிய வேண்டும். மெழுகுவத்திப் பெட்டிக்குப் பூட்டு விழுந்தது. இரண்டாவது தொட்டியில் இறங்கிய ரெக் ஏறி வரவில்லை.

மரண விசாரணையின் முதல் நாளில் மேலாளர் கூசாமல் சொன்னார்: "முந்தின சாயங்காலமே வடிச்ச தொட்டி. ஏலோட வாயுவும் போயிடும். அந்த ஆள் குடிச்சிருந்தார்."

கூடவே வேலை செய்த க்ளாரன்ஸும் தலையாட்டினான்: "ஆமாங்க, ரெக் மேல பீர் வாடை அடிச்சுது."

மதுவாலையில் உழைப்பவன் மேல் ரோஜாவா மணக்கும்? இதைக் கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. விசாரணை ஆறு வாரம் தள்ளிப்போனது.

பாதிரியார் ஆறுதல் சொல்ல வந்தார். "ஆண்டவர் கூப்பிட்டுக்கிட்டாரும்மா."

"ஆண்டவர் கூப்பிடறதுக்கு மெழுகுவத்திப் பெட்டிய எதுக்குப் பூட்டணும், ஐயா?"

அவர் தேநீரை முடிக்காமலே எழுந்தார்.

ஆர்ம்ஸ்லியின் உயர்ந்த ஏல் லண்டனுக்குப் போகும். செய்தவர்களுக்கு மிஞ்சியது புளித்துப்போன மிச்சம். "காய்ச்சறவனுக்கு ஒரு கிளாஸ் நல்லது கிடைக்காதா?" என்று ரெக் அதே ஏலை வீட்டில் காய்ச்சக் கிளம்பினான். பதினோரு முறை கெட்டது. பன்னிரண்டாம் முறை பிடித்துவிட்டான். முளைகட்டி உலர்த்திய பார்லி எவ்வளவு, ஹாப் பூ எப்போது, தண்ணீரில் கலக்கிற மருந்துக்கடை ஜிப்சம் எத்தனை சிட்டிகை, எல்லாம் அலமாரிக் கதவின் உட்புறம் பென்சிலில் எழுதியிருந்தான். ஈஸ்ட் மட்டும் ஆர்ம்ஸ்லியினுடையதே. சட்டைப்பையில் சின்னச் சீசாவில் வந்தது; கடைசியாக வந்த சீசா இன்னும் அலமாரியில் இருந்தது. ஏலைத் திறந்ததும் தீக்குச்சி உரசியதுபோல ஒரு வாடை எழ வேண்டும். அது இல்லையென்றால் ஆர்ம்ஸ்லி இல்லை.

ஐவி அதை எழுத்துப் பிசகாமல் செய்தாள். வேறு ஏல், வேறு ஈஸ்ட் என்று மேலாளர் நழுவிவிடக் கூடாது. ஆளுயரத்தில் பாதி வரும் புது பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வாங்கி, மூடியில் மதுவாலைத் தொட்டியின் வாய்போலச் சின்ன ஓட்டை வெட்டினாள். ஏழாம் நாள் சாயங்காலம் அடிக்குழாயைத் திறந்து ஏலை வடித்துச் சீசாக்களில் அடைத்தாள். அடியில் ஈஸ்ட் படிவு மட்டும் கிடந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு க்ளாரன்ஸை வரச்சொன்னாள்.

கொளுத்திய மெழுகுவத்தியை ஓட்டை வழியாக இறக்கினாள். ஓர் அடி போனதும் சுடர் படுத்தது. அணைந்தது. மறுபடி கொளுத்தி இறக்கினாள். மறுபடியும் அணைந்தது.

"போதும் ஐவி."

"ரெக்குக்கு ஒரே ஒரு தடவ காட்டியிருந்தா போதுமே! பெட்டி பூட்டியிருந்துச்சு. அத மட்டும் சொல்லுவியா?"

"எனக்கும் வேலை வேணும் கண்ணு. இந்த ஊர்ல வேற எங்க போவேன்?" தொப்பியைத் திருகிக்கொண்டே நின்றான். பிறகு, "சரி. சொல்றேன்," என்றான்.

விசாரணை நாளில் ஐவி தொட்டியையும் மெழுகுவத்தியையும் ஒரு சீசாவையும் மேசைமேல் வைத்தாள். விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இது சமையலறைச் சாமான்மா. மதுவாலைத் தொட்டி இல்ல."

"அது எங்க ஏலும் இல்ல," மேலாளர் சிரித்தார். "ஏதோ வீட்டுக் கஷாயம்."

க்ளாரன்ஸ் கூண்டில் ஏறினான். மேலாளரைப் பார்த்தான். "பெட்டியப் பத்தி ஞாபகம் இல்லீங்க."

தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்கள், ஏழு ஜூரிகளும், பக்கத்து அறைக்குப் போனார்கள். சீசாவும் சாட்சியப் பொருளாக அவர்களோடு போனது. கதவு சரியாகச் சாத்தவில்லை. வெளியே பெஞ்சில் இருந்த ஐவிக்கு எல்லாம் கேட்டது.

"ஊத்துய்யா, கஷாயமான்னு பாத்துருவோம்."

"அட, தீக்குச்சி வாடை!"

"ஆர்ம்ஸ்லியேதான்! எம்பொண்ணு கல்யாணத்துல குடிச்ச அதே சரக்கு. எனக்கு இன்னும் கொஞ்சம்."

ஐவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏல் அதுவென்றால் ஈஸ்ட் அது. ஈஸ்ட் அதுவென்றால் வாயுவும் அது. கூட்டல் தெரிந்தவனுக்கு இது போதும்.

பத்து நிமிடத்தில் வெளியே வந்தார்கள். "குடிபோதையில், சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்த சாவு."

ஜூரித் தலைவர் கசாப்புக்கடைக்காரர். காலிச் சீசாவை அவரே அவள் கையில் கொடுத்துக் குரலைத் தாழ்த்தினார். "அருமையான ஏலும்மா. பக்குவத்தக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

"எழுதி வச்சிருக்காருங்க. எழுதினவரத்தான் இப்பக் குடிகாரன்னு சொன்னீங்க."

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு ஐவி மதுவாலை வாசலில் நின்றாள். கையில் ஒரு கட்டு மெழுகுவத்தி.

"கம்பெனி வாசல்ல விக்கக் கூடாது," என்றான் காவல்காரன்.

"விக்கல. குடுக்கறேன்."

தொட்டி கழுவுகிற ஐந்து பேரில் மூன்று பேர் பார்க்காததுபோல் போனார்கள். ஒருவன் வாங்கிக்கொண்டான். கடைசியில் க்ளாரன்ஸ் வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை; கையை மட்டும் நீட்டி ஒன்றை வாங்கிக் கோட்டுக்குள் செருகினான்.

"தீப்பெட்டி இருக்கா?"

இல்லை என்று தலையசைத்தான்.

அவள் தன்னுடையதைக் கொடுத்தாள்.