பின்பக்கம் ஏறிய சட்டை

முப்பது வருடமாக ஊரார் உடம்பை அளந்த தையல்காரருக்குத் தன் சட்டையே பிடிகொடுக்கவில்லை. முன்பக்கம் தொங்கியது; பின்பக்கம் மேலே ஏறியது. பிரித்துத் தைத்தார். மறுபடியும் அதே கதை.

"துணி சுருங்கிடுச்சோ?" என்றார், காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவியிடம்.

"பின்னாடி மட்டும் சுருங்குற துணிய எங்க வாங்குனீங்க? திரும்பி நில்லுங்க."

அவள் டேப்பை எடுத்தாள். சட்டையில் பிழையில்லை, முதுகுதான் வளைந்திருந்தது. சுவரோரம் நிறுத்தி உயரத்தையும் பார்த்தாள். ஐந்தடி ஏழு அங்குல மனிதர் ஐந்தடி ஐந்தாகியிருந்தார்.

குனிந்து தைத்த கூன் என்று விட்டுவிட அவருக்கு மனமில்லை. அண்ணனும் தையல்காரர்தான், பத்து வயது மூத்தவர், இன்னும் நெட்டுக்குத்தாக நடக்கிறார். "அவர் செய்யாத எதை நான் செய்யறேன்?" என்று இரண்டு நாள் குடைந்தார்.

"மாத்திரை" என்றாள் மனைவி.

மூச்சிழுப்புக்காக எட்டு வருடம் முன்பு பத்து நாளைக்கென்று எழுதித் தந்த மாத்திரை. மூச்சு லேசானதால் பழைய சீட்டையே காட்டி வாங்கி, ஒருநாள் விடாமல் விழுங்கிவந்தார்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, "இது ஸ்டீராய்டு. நாள்பட சாப்பிட்டதுல எலும்பு பலம் போயிடுச்சு. மூணு முள்ளெலும்பு நசுங்கியிருக்கு" என்றார்.

தையல்காரர் படத்தை மூக்கருகே வைத்துப் பார்த்தார். "சதுரமா இருக்க வேண்டியது ஆப்பு மாதிரி இருக்கே! எப்பம்மா உடைஞ்சது? எனக்கே தெரியலையே."

"முதுகு பிடிச்சுக்கிச்சுனு எப்பவாவது படுத்தீங்களா?"

மூன்று முறை படுத்திருந்தார், தைலம் தடவிக்கொண்டு.

"இன்னையோட நிறுத்திடறேன்."

"ஐயோ, சட்டுனு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. நான் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்." இழுப்புக்கு இன்ஹேலரும், எலும்புக்குத் தனி மருந்தும் எழுதினார்.

திரும்பும் வழியில் மருந்துக்கடையில் நின்றார். "என்னை மாதிரி பழைய சீட்ட வெச்சு வாங்கறவங்க எத்தனை பேருங்க?" சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கடைக்காரர் யோசித்தார். "எண்ணிப் பாத்ததில்லையே." அவர் நீட்டிய புதுச் சீட்டை வாங்கிப் பார்த்து, "இனிமே சீட்டுல தேதி பாக்கறேன்" என்றார்.

வருடம் ஒன்றானது. மாத்திரை நின்றது, புதிதாக எலும்பு எதுவும் நசுங்கவில்லை. போன உயரம் போனதுதான். முதலில் அது உறுத்தியது. மனைவியும் அவரும் இப்போது ஒரே உயரம்.

"இத்தனை வருஷம் அண்ணாந்து பேசியே கழுத்து வலிச்சுது" என்றாள் அவள். அவர் சிரித்தார், முதுகு சுருக்கென்றது, மேசையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் சிரித்து முடித்தார்.