ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் தலைவலி

"சண்டே மட்டும்தான் வலிக்குதாம்மா?"

போன மாதம் அடையாறில் ஒரு டாக்டர் என் மனைவி சுதாவிடம் இப்படிக் கேட்டார். சுதா தலையாட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வலியால்தானே என் தங்கை எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்தியிருந்தாள்!

தங்கை வசந்தி இருப்பது அசோக் நகரில். ஞாயிறானால் மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு... வருஷக்கணக்காக நடப்பது. ஆனால் சில மாதங்களாக, அவள் உள்ளே நுழைகிற நேரம் பார்த்து சுதாவுக்குத் தலைவலி பிடித்துக்கொள்ளும். நெற்றியில் தைலம், கண்மேல் ஈரத்துண்டு, சாத்திய படுக்கையறைக் கதவு. திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் பாடம் எடுக்கக் கிளம்பும்போது பார்த்தால், வலி இருந்த இடம் தெரியாது.

வசந்தி எத்தனை வாரம்தான் பொறுத்துக்கொள்வாள்?

"அண்ணா, தப்பா நினைக்காதே. ஆறு நாள் வராத தலைவலி, என்னைப் பாத்தா மட்டும் அண்ணிக்கு வருதா?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்ல..."

"பின்ன எப்படி?"

எனக்கென்ன தெரியும்? அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்ததும்தான். நொச்சிக்குப்பத்தில் வழக்கமாக மீன் விற்கும் அம்மாவே கேட்டுவிட்டார்: "இன்னா சார், கொஞ்சூண்டு வாங்கிக்கினு போற? தங்கச்சி வரலியா?"

வேடிக்கை என்னவென்றால், தலைவலி மட்டும் தவறாமல் வந்தது! சுதா அழுதேவிட்டாள். "அவ வராதப்பவும் வலிக்குதுங்க. இதைச் சொன்னா யார் நம்புவா?"

அப்படித்தான் டாக்டரிடம் போனோம். பிரஷர், கண், கழுத்து எல்லாம் பார்த்துவிட்டு, "முதல் காபி எத்தனை மணிக்கு?" என்றார்.

"அஞ்சு மணிக்கு. ஸ்கூல் கிளம்பறதுக்குள்ள இன்னொண்ணு."

"சண்டே?"

"நான் எழுப்பவே மாட்டேன் டாக்டர். இந்த வருஷம்தான் ஸ்பெஷல் கிளாஸ் இல்ல, நல்லா தூங்கட்டும்னு..." என்று பெருமையாகக் குறுக்கிட்டேன்.

"எழுந்ததும் டிபன்?"

சுதா தயங்கினாள். "நேரா சமையல்தான். காபியே பத்து மணியாயிடும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "உங்க உடம்புக்கு சண்டே மண்டே தெரியாதும்மா. அஞ்சு மணி காபிக்குப் பழகிடுச்சு. அது லேட்டாகி, வயிறும் காலியா இருந்தா தலை வலிக்கத்தான் செய்யும். தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்க, டிபனை விடாதீங்க. காபியைக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. ஒரேயடியா நிறுத்திடாதீங்க!"

உடம்பில் எங்கே வலித்தாலும் நாம் முதலில் ஆளைத்தான் தேடுகிறோம், இல்லையா? மேனேஜர், மாமியார், கண் வைத்த பக்கத்து வீட்டுக்காரர்... டம்ளரையும் தட்டையும் யார் சந்தேகப்படுகிறோம்?

வசந்திக்கு போன் போட்டேன். "காபி லேட்டானா தலைவலியா? கதை விடாதே" என்று வைத்துவிட்டாள்.

ஆனால் ஞாயிறன்று விடிந்தும் விடியாமலும் காலிங் பெல். வாசலில் வசந்தி, கையில் பால் பாக்கெட்!

"அண்ணி, எழுந்திருங்க. காபி நான் போடறேன். இன்னிக்கு வலிக்குதா இல்லையான்னு பாத்துடறேன்."

காபி ஆயிற்று. இட்லி ஆயிற்று. பத்து மணி தாண்டியது. வசந்தி அண்ணியின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுதாவோ வெங்காயம் நறுக்கியபடி ஸ்டாஃப் ரூம் கதைகளை அவிழ்த்துவிட்டிருந்தாள். மணி பதினொன்று. தலைவலி வரவே இல்லை!

வசந்தியின் குரல் இறங்கியது. "அப்ப அத்தனை நாளும் நிஜமாவே வலியா அண்ணி?"

"பின்ன? நீ கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேக்க மாட்டியான்னு படுத்திருப்பேன்டி."

வசந்தி ஸ்டூலை இழுத்து சுதாவின் பக்கத்தில் போட்டு, ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கப்புறம் பேச்சு... பேச்சு... பேச்சு. நான் இரண்டு முறை கிச்சனை எட்டிப் பார்த்தேன். "இப்ப வராதீங்க!", "அண்ணா, போ!" என்று ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள்.

சாப்பாடு தயாரானபோது மணி மூன்று. பசித்தது எனக்கு மட்டும்தான்!