நாலாவது கிண்ணம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்த வருஷம், சின்னம்மாவின் கல்யாணம் நடக்குமா இல்லையா என்பதை ஒரு ஜெர்மன்காரியின் டென்னிஸ் மட்டை தீர்மானிக்க வேண்டியிருந்தது. சொன்னால் எவரும் நம்புவதில்லை. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

மட்டக்களப்பை விட்டு மொன்றியலுக்கு வந்து இரண்டாவது பனிக்காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்பா டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். சின்னம்மா அம்மாவின் தங்கை. மேற்கு ஜெர்மனியில் ஓர் அகதி முகாமில் ஒரு வருஷம் இருந்துவிட்டு, எங்களுக்குப் பிறகு வந்து சேர்ந்தவர். அங்கிருந்து ஒரு தடித்த கோட்டையும் பத்திரிகையில் வெட்டிய ஒரு படத்தையும் கொண்டுவந்திருந்தார். படத்தில் ஓர் இளம்பெண் மட்டையோடு குனிந்து நின்று, வரப்போகும் பந்தை முறைத்துக்கொண்டிருந்தாள். முகாமில் எல்லாரும் அவளைப் பற்றித்தான் கதைப்பார்களாம்.

அந்த வருஷம் தை மாதத்தில் அவள் ஆஸ்திரேலியாவில் முதல் கிண்ணத்தை வென்றாள். அதே வாரம்தான் அப்பா கல்யாணப் பேச்சை எடுத்தார். மாப்பிள்ளை எங்கள் ஊர்க்காரர். கலவரங்களுக்கு முன்பே படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட எஞ்சினியர். நகரத்துக்கு வெளியே கர்க்லாண்டில் சொந்த வீடு. வயது முப்பத்துமூன்று. சின்னம்மாவுக்கு இருபத்தொன்று. அப்பா காட்டிய படத்தில் அவருடைய நெற்றி உச்சந்தலை வரைக்கும் ஏறியிருந்தது. சின்னம்மா ஒருமுறை பார்த்துவிட்டுப் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. மூன்றாம் நாள் தொலைக்காட்சியில் மறுபடியும் அந்த ஜெர்மன்காரியைக் காட்டினார்கள். ஒரே வருஷத்தில் நாலு பெரிய கிண்ணங்களையும் அவள் எடுத்துவிடுவாள் என்று சின்னம்மா சொன்னார். அப்பா சிரித்தார். அப்படிச் செய்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் என்று சமையலறைக் கூட்டாளி யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"அந்தப் பெட்டை நாலையும் வெண்டால், இந்தப் பேச்சை நான் திரும்ப எடுக்கமாட்டன்" என்றார்.

"ஒண்டில தோத்தாலும், நான் வாய் திறக்காமல் கழுத்தை நீட்டுறன் அத்தான்" என்றார் சின்னம்மா.

கையில் கரண்டியோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். ஒரு குமர்ப்பிள்ளையை வைத்து யாராவது பந்தயம் பிடிப்பார்களா என்று கேட்டார். அப்பா அதை விளையாட்டாகத்தான் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவருக்குப் பெருமை அதிகம். அந்தப் பெருமையால் எங்கள் குடும்பம் ஏற்கெனவே சில இடங்களில் அடிபட்டிருந்தது.

மாப்பிள்ளைக்கு எதுவும் தெரியாது. பெண் வீட்டார் யோசிக்கிறார்கள் என்று மட்டும் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. சித்திரை மாதத்தில், அகதி வழக்குக் காரியமாகப் பிரெஞ்சில் வந்த கடிதம் ஒன்றை வாசித்துச் சொல்வதற்காக முதல்முறை வந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினார். எங்கள் தொலைக்காட்சியில் பூச்சி பறப்பதைப் பார்த்து, அடுத்தமுறை புது ஆன்டெனா கொண்டுவந்து பூட்டினார். சின்னம்மாவோடு நேரே கதைக்கமாட்டார். என்னைப் பார்த்தபடிதான் அவருக்குக் கதை சொல்வார். பிரெஞ்சு வகுப்பில் சேரும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தபோதும், "சின்னம்மாவைக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்க" என்று என்னிடமே நீட்டினார். சின்னம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனது நினைவிருக்கிறது.

இந்த வீட்டில் எல்லாருக்கும் டென்னிஸ் பைத்தியம் என்றுதான் அவர் நினைத்தார். ஆகவே அவரும் பத்திரிகைகளைப் படித்து அந்த ஜெர்மன்காரியின் விசிறியானார். பாரிஸ் இறுதி ஆட்டத்தை எங்களோடு இருந்து பார்த்தார். அம்மா அடுப்பில் வைத்த பருப்பு அவிவதற்குள் அது முடிந்துவிட்டது. எதிரே ஆடியவளுக்கு ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை. அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. ஆடி மாதத்தில் லண்டனிலும் அவளே வென்றாள். மூன்று கிண்ணம் ஆனபோது நான் வீடு முழுவதும் துள்ளினேன். சின்னம்மாவும் துள்ளுவார் என்று பார்த்தேன். அவர் குசினிக்குப் போய், ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பைகளைத் திரும்பவும் கழுவினார்.

நியூயோர்க் இறுதி ஆட்டம் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நடந்தது. மாப்பிள்ளை பெரிய கேக் பெட்டியோடு வந்தார். வெல்லப்போவது உறுதி என்று சொல்லிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். சின்னம்மா குசினி வாசலில் சாய்ந்து நின்றார். முதல் செட்டை ஜெர்மன்காரி எடுத்தாள். இரண்டாவதை ஆர்ஜென்டினாக்காரி பறித்துக்கொண்டாள். அப்போது சின்னம்மா வந்து என் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார். முகம் பளபளவென்றிருந்தது. கையைத் தொட்டேன், ஈரமாக இருந்தது. பயத்தில் வியர்த்திருக்கிறது என்று நினைத்து அவர் காதில், "பயப்படாதீங்க, அவ வெண்டிடுவா" என்று சொன்னேன்.

மூன்றாவது செட் கிடுகிடுவென்று முடிந்தது. அவள்தான் வென்றாள். மாப்பிள்ளை எழுந்து நின்று கைதட்டினார். எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது என் வாயிலிருந்து பாய்ந்தது.

"மாமா, நாலும் வெண்டாச்சு. இனிச் சின்னம்மா உங்களைக் கட்டத் தேவையில்ல."

முதலில் அவர் சிரித்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா நிலத்தைப் பார்த்தார். தொலைக்காட்சியில் மட்டும் சனம் ஆரவாரித்துக்கொண்டிருந்தது.

"பந்தயமா?" என்று அவர் கேட்டார். அப்பா தலையை ஆட்டினார். "தெரியாமல் நானும் கைதட்டிப்போட்டன்" என்றார் அவர். குரல் உயரவில்லை. அம்மாவிடம் தேத்தண்ணி நன்றாக இருந்தது என்று சொன்னார். சப்பாத்து நாடாவைக் கட்ட அவருக்கு நெடுநேரம் எடுத்தது. படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் சின்னம்மா குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். அம்மா என் கன்னத்தில் அறைந்தார். அதுதான் அம்மாவிடம் நான் வாங்கிய முதல் அடி. வலிக்கு முன்பு எனக்கு அதிர்ச்சிதான் வந்தது. உண்மையைத்தானே சொன்னேன்? நாங்கள்தானே வென்றோம்?

அதன்பிறகு மாப்பிள்ளை வரவில்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை. கேக் பெட்டியை ஒருவரும் திறக்கவில்லை. போய் மன்னிப்பாவது கேளுங்கள் என்று அம்மா அப்பாவை நச்சரித்தார். இந்தப் பேச்சைத் திரும்ப எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி அப்பா அசையாமல் இருந்தார். சின்னம்மா சாப்பாட்டைக் கோப்பையில் போட்டு அளைந்துவிட்டு எழுந்துபோவார். ஒரு வாரம் வீட்டில் இப்படியே கழிந்தது.

அடுத்த ஞாயிறு காலை சின்னம்மா சேலை உடுத்து, மேலே கோட்டும் போட்டுக்கொண்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றார்.

"நீங்க எடுக்கமாட்டன் எண்டுதான் சொன்னீங்க, அத்தான். நான் எடுக்கலாம்தானே?"

அப்பா வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தார். அம்மா கையிலிருந்த துணியை அப்படியே கீழே விட்டார். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. பிறகு அப்பா சப்பாத்தைத் தேடினார்.

கர்க்லாண்டில் அன்று கதவு திறந்தது, அடுத்த வருஷம் கல்யாணமும் நடந்தது. அதெல்லாம் பிறகு. அந்தக் காலையில் எனக்கு வந்தது கோபம்தான். அப்பா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தே, வென்ற சின்னம்மாவைப் பணிய வைத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். யன்னலில் ஏறி நின்று பார்த்தேன். சின்னம்மா சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். அப்பா பத்தடி பின்னால் மூச்சு இளைத்தபடி போனார். முனையில் பஸ் திரும்பியது. சின்னம்மா ஓடத் தொடங்கினார். அப்பாவிடமிருந்து தப்பத்தான் ஓடுகிறார் என்று நினைத்து, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, ஓடுங்க சின்னம்மா, ஓடுங்க என்று சொன்னேன். பிடிபடாமல் ஏறிவிட்டார். ஏறியவர் உள்ளே போகவில்லை. படியில் நின்றபடி, மூடப்போன கதவை இரண்டு கையாலும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அப்பா வந்து சேரும்வரை காத்து நின்றார். அது ஏன் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.