தோப்பைத் தாண்டாத சத்தம்

எங்கள் வீட்டு டிவியில் ஆட்கள் வாயசைப்பார்கள், பேச்சு வராது. கோயமுத்தூர் கணபதியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறையில் வேலை பார்த்த என் மாமன், அம்மாவின் தம்பி, முதலாளி வீட்டில் கழித்துப்போட்ட அந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டியை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடியில் இருந்த எங்கள் வளவுக்கு அதுதான் முதல் டிவி. வளவு என்றால் ஒரே வரிசையாக ஓட்டு வீடுகள், அத்தனை பேருக்கும் ஒரே தோட்டத்தில் கூலி. வளவுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்பு. தோட்டத்துக்காரரைப் பண்ணாடி என்றுதான் சொல்ல வேண்டும், அவர் எதிரில் இல்லாதபோதும்.

மாமன் பெட்டியின் முதுகைத் திறந்து பார்த்துவிட்டு, "சவுண்டு வர்ற பாகம் எரிஞ்சுபோச்சு. இத நோண்டறதுக்குப் பதிலா வெளிய ஒரு ஆம்ப்ளி வாங்கி ஒயர இழுத்து உட்டோம்னா, தியேட்டராட்டமே கேக்கும்" என்றார். வாசலில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"கொழாய் கட்டுனது மறந்துபோச்சாடா உனக்கு?" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

சித்தப்பன் வீட்டுக் காதுகுத்துக்கு வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டிருந்தார்கள். விடிந்து பார்த்தால் குழாய் கிணற்றுக்குள் கிடந்தது. சித்தப்பனுக்குக் கை ஒடிந்திருந்தது. "ஆனை வந்துபோட்டுது கண்ணு. சத்தங் கேட்டா ஆனை வரும்" என்று அப்பா எனக்குச் சொன்னார். அதில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. பண்ணாடியின் வாழைக்குக் காவல் அப்பாதான். ஆனை வந்தால் தகரத்தைத் தட்டித்தான் விரட்டுவார். யோசித்து யோசித்து நானே ஒரு முடிவுக்கு வந்தேன்: ஆனை தகரத்துக்கு ஓடும், பாட்டுக்கு வரும். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் டீச்சர் பாடச் சொன்னால்கூட ஜன்னலைப் பார்த்துக்கொண்டேதான் பாடுவேன்.

தீபாவளி போனஸ் வந்ததும் மாமன் பிடிவாதமாக எங்களைக் கோயமுத்தூருக்கு இழுத்துப்போனார். அப்பா எதற்கு என்றால், வேண்டாம் என்று சொல்ல. நான் எதற்கு என்றால், பெட்டிமேல் எழுதியிருப்பதைப் படிக்க. எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவன் அப்போது நான் ஒருவன்தான்.

டவுன்ஹால் பக்கம் ஒரு சந்துக்குள் கடை. ஈயம் பற்றவைக்கிற புகை வாசத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்க்காமல் "வாங்க, வாங்க" என்றதே அப்பாவுக்குப் பயமாகிவிட்டது.

"கம்பெனி செட்டுப் பக்கம் போகாதீங்க, வெலை ஏறும். இது நாமளே கோத்ததுங்க. டூரிஸ்ட் பஸ்ல இருந்து கழட்டுனதுன்னால சல்லிசாக் குடுக்கறேன்" என்று ஒரு பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார். நூறு வாட்ஸ் என்று நான் சத்தமாகப் படித்தேன். முகப்பில் சிவப்பும் பச்சையுமாகச் சின்னச் சின்ன விளக்குகள். அவர் பாட்டைப் போட்டதும் விளக்குகள் குதித்தன, கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. "தூக்கி வெச்சா அடுத்த ஊருக்கே கேக்குமுங்க!"

அப்பா பின்னால் நகர்ந்து கடை வாசலுக்கே போய்விட்டார். அங்கிருந்து சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். பாட்டு நின்ற பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, கேக்காத மாதிரி ஒண்ணு இருக்குதுங்களா?"

கடைக்காரர் முதலில் சிரித்தார். "கேக்காம இருக்கறதுக்கு எதுக்குங்ணா ஆம்ப்ளி?"

"ஊட்டுக்குள்ள கேட்டாப் போதுமுங்க. பக்கத்துல ஒரு தோப்பு இருக்குதுங்க. அதத் தாண்டப்படாது."

"வாட்ஸ் கம்மியா வேணும்னு வந்த மொத ஆளு நீங்கதானுங்க" என்றபடி உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார். விளக்குக் கிடையாது. புதுசு, அதனால் விலை கூட. மாமன் தலையில் அடித்துக்கொண்டார். "கொறச்ச சத்தத்துக்கு அதிகக் காசா? நல்லா இருக்குது மச்சான் உங்க நாயம்!"

எனக்கும் விளக்குக் குதிக்கிற பெட்டிமேல்தான் ஆசை. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. மாமனின் கையில் இருந்த காசுக்குப் பெரிய சத்தம்தான் கட்டுப்படியானது. "எதுக்குங்ணா பயப்படறீங்க? திருகு உங்க கையிலதான இருக்குது. எவ்வளவு வேணுமோ அவ்வளவு திருப்பிக்குங்க" என்று கடைக்காரர் சமாதானம் சொன்னார். அப்பா அந்தத் திருகைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். அது தன் கையில்தான் இருக்கிறது என்று அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பஸ்ஸில் பெட்டியைப் போர்வையால் மூடி, காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு வந்தார். எங்கள் நிறுத்தத்தில் நாலு பேர் பார்க்கிற டீக்கடை இருந்தது. அதனால் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிப் பள்ளத்து வழியாகவே நடந்தோம்.

அந்தக் காலத்தில் ஸ்பீக்கரை மண்பானை வாயில் பதித்து வைப்பார்கள், சத்தம் கும்மென்று வரும் என்று. மாமனும் அப்படியே இரண்டு பானையில் பதித்தார். அவர் முகம் கழுவப் போன நேரத்தில் அப்பா பானைக்குள் அம்மாவின் பழஞ்சீலைகளைத் திணித்து, இரண்டையும் மலைப்பக்கச் சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்தார். பிறகு தோப்புக்குள் போய் மறுகோடியில் நின்றுகொண்டார். மாமன் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற, நான் தென்னைகளுக்கு நடுவில் ஓடி ஓடி, "கேக்குதாப்பா?" என்று கேட்டுவந்து சொன்னேன். அவர் கண்ணை மூடி, காதுக்குப் பின்னால் கையை வைத்து நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. லேசாகக் கேட்கிறது என்று அவர் கையைத் தூக்கிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே, திருகின் ஓரத்தில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்தோம். புள்ளிக்குக் காவல் நான்.

ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலப் படத்துக்கு வளவே எங்கள் வீட்டுக்குள் இருந்தது. புள்ளியைத் தாண்டாத சத்தத்தில் அத்தனை பேருக்கும் கேட்க வேண்டுமானால் யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது. சிரிப்புப் படம் வேறு. பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். ஒரு பெரியவர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். அப்பா படம் பார்க்கவில்லை. வாசல்படியில் தோப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. குரைத்துக்கொண்டிருந்த நாய் பாதியில் நிறுத்தியது. யாரோ "ஆனை" என்றார்கள், அதையும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னார்கள்.

அது பள்ளத்திலிருந்து ஏறி எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஆட்டாங்கல் பக்கத்தில் நின்றது. ஒற்றைக் கொம்பன். பின்கதவு வழியாக அதன் கால் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கால் இருந்த உயரத்துக்குக் கதவே முடிந்துவிட்டது. அப்பா தகரத்தை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் போய்த் தட்டினார். அது ஓடவில்லை. காதை விரித்து அவர் பக்கம் திரும்பியது. அப்பா பின்வாங்கியபடியே நடந்து, கல் தடுக்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். தகரம் உருண்டு போனது.

"மாப்ளே, ஏத்துடா!" என்று மாமன் கத்தினார்.

நான் புள்ளியைப் பார்த்தேன். பாட்டுக்கு ஆனை வரும். வந்தும்விட்டது. இன்னும் ஏற்றினால்?

"ஏத்துடா! உங்கப்பன மிதிக்கப் போவுது!"

கடைசி வரைக்கும் திருகினேன். படம் நின்று, சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று வெளுப்பதைப் பற்றி நாலைந்து பெண்கள் நூறு வாட்ஸில் பாடினார்கள். பானைகள் நடுங்கின. சீலைகள் பிதுங்கி வெளியே வந்தன. ஆனை பிளிறியது பாட்டோடு கலந்து வந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு அது பள்ளத்தில் இறங்கி ஓடுவதை எல்லோரும் பார்த்தோம்.

வளவு ஆர்ப்பரித்தது. அப்பா எழுந்து உள்ளே ஓடிவந்தார். என்னைத் தூக்கிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய்த் திருகை ஒரேயடியாகக் குறைத்தார்.

"ஆனை போயிருச்சுப்பா" என்றேன். அவர் தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோப்புக்குள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வீடுகளின் கதவுகள் சாத்திக்கொண்டன. அம்மா என் வாயைப் பொத்தினாள். நான் அழவே இல்லை.

பண்ணாடி வண்டியிலிருந்து இறங்கவில்லை. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நின்றார்.

"ஏண்டா, என்ன சத்தம் அது?"

"தெரியாமப் பண்ணிப்போட்டமுங்க பண்ணாடி. சின்னப் பையனுங்க."

பண்ணாடி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். விளக்குகள் இன்னும் மெல்லக் குதித்துக்கொண்டிருந்தன. "டிவி வேறயா?" என்று சிரித்தார். "பரவால்லையே. அந்தக் கொம்பன் வாழைக்குத்தான் எறங்கப் பாத்தான், திரும்பியே பாக்காம ஓடிப்போட்டான். அந்தப் பொட்டியத் தோட்டத்துச் சாளைக்குக் கொண்டாந்து வெச்சுப்போடு. ஆனை வெரட்ட ஆகும்."

"ஆகட்டுங்க பண்ணாடி."

"எம்பட போனசுங்க..." என்று மாமன் தொடங்கினார். அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அப்பாவே பெட்டியையும் பானைகளையும் சும்மாடு கட்டித் தலையில் சுமந்து தோப்பைத் தாண்டிப் பண்ணாடியின் தோட்டத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். வரும்போது அவர் முகம், கோயமுத்தூர் போன நாளிலிருந்து நான் பார்க்காத அளவுக்குத் தெளிந்திருந்தது. மாமன் சாப்பிடாமல் கடைசி பஸ்ஸுக்கே கிளம்பிப் போனார். அப்புறம் அவர் வெகுநாள் வரவில்லை.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. பண்ணாடி தோட்டத்தையே காப்பது எங்கள் செட்டு என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். எங்கள் டிவியில் மறுபடியும் ஆட்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். ஆனால் சாயங்காலமானால் தோப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாட்டு வரும். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, எங்கள் வாசல் வரைக்கும், வாசலைத் தாண்டிப் பள்ளம் வரைக்கும் வரும்.

ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன்: "இவ்வளவு சத்தமாப் போடறாங்களே, ஆனை வந்துராதாப்பா?"

"வராது கண்ணு" என்றார்.

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்தப் பக்கமிருந்து வருகிற சத்தம் என்றால் ஆனைக்குக் கோபம் வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பயமில்லாமல் தூங்கிப்போனேன்.